கேமராவுக்கு இடப்பக்கம்

பாரிஸ், 1911 ஜனவரி 9

அன்புள்ள மதில்த் அக்கா,

புது வருஷ வாழ்த்து என்று உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தபால்காரர் மேல் பழி போடலாம் என்றால் ஊரார் கடிதமெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது. சரி, கோபம் அதன்பாட்டுக்கு இருக்கட்டும். அந்தக் கோபத்தோடேயே இன்னொரு பெட்டி தட்டு அனுப்பிவிடு. உங்கள் லிமோஜ் பீங்கான் சூளையில் கோணிப்போனது, விரிசல் விட்டது, நீ தீட்டிய பொன்விளிம்பு கலைந்துபோனது, எதுவானாலும் சரி. உடைக்கத்தானே போகிறோம்.

போன பெட்டி ஒரே காலையில் தீர்ந்துவிட்டது. "தாப்பினே பாத்திரம் கழுவுகிறார்" என்று ஒரு படம். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு படுத்துவிடுகிறாள், தாப்பினே சமையல் முன்துணியைக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போகிறார், அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். பெண்டாட்டி நான்தான், எப்போதும்போல. தாப்பினே உன் மச்சான் அன்செல்ம்தான், எப்போதும்போல. தட்டு அடுக்கு என் முழங்கை மேல் விழுந்து இன்னும் கையை மடக்க முடியவில்லை. டைரக்டர் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஊரைச் சிரிக்கவைக்கிற மனுஷனோடு ஒரு நாள் குடித்தனம் பண்ணிப் பார்த்தால் தெரியும்.

நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் கேமரா முன்னால்தான். அங்கே வாயை அசைத்தாக வேண்டும், படத்தில் சத்தம் வராததால் என்ன சொல்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அவர் என் காலில் விழுந்து கெஞ்சுகிற இடத்தில், உன் வாயில் வெங்காய நாற்றம் என்றார். நானும் விடவில்லை. அதற்கு மேலாகவே திட்டினேன். பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். யாருக்கும் கேட்கப்போவதில்லையே.

கடைசியில் வழக்கம்போல அவர் முகத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்தார்கள். அதற்குள் நான் ஈரத்துணி மாற்றப் போய்விடுவேன். அவருக்கு உலர்ந்த சட்டையும் துண்டும் வைத்துக்கொண்டு நிற்க ஒரு துணிக்காரி இருக்கிறாள். எனக்கு யாரும் நிற்பதில்லை.

தட்டு சீக்கிரம்.

உன் க்ளெமான்ஸ்


லிமோஜ், ஜனவரி 22

க்ளெமான்ஸ்,

பெட்டி ரயிலில் ஏறிவிட்டது. வைக்கோல் நிறையப் போட்டிருக்கிறேன், உடைவதற்குப் போகிற தட்டு வழியில் உடைந்துவிடக் கூடாது என்று.

யாருக்கும் கேட்கப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது யாருக்கு எழுதுகிறோம் என்று நீ யோசித்ததே இல்லை. ஏழு வயதுக் காய்ச்சலில் என் காது போனது. அதற்குப் பிறகு கன்னியர் மடப் பள்ளியில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றேன். முப்பத்தாறு வயது வரைக்கும் அதை வைத்துத்தான் ரொட்டி வாங்குகிறேன், பாவமன்னிப்புக் கேட்கிறேன், சூளைக்காரரிடம் சண்டை போடுகிறேன்.

பாத்திரம் கழுவுகிற படம் இங்கே காப்பிக்கடை மாடியில் காட்டினார்கள். ஊரே சிரித்தது. நீ அவரைப் பன்றி என்றாய், அவர் தாயைப்போலவே கஞ்சன் என்றாய். அவர் உன்னைப் பார்த்துச் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை, வெங்காயம் அதில் சின்ன விஷயம். என் விளிம்புத் தட்டுகள் உன் மேல் சரிந்தபோது நீ சொன்னது அம்மா என்று. அதற்கும் சிரித்தார்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்தில் ஈஸ்டர் சந்தைக்கு வந்த கூத்துக்காரர்களில் அன்செல்ம் நம் வீட்டுக்கு வரத் தொடங்கினாரே, யாரைப் பார்க்க வந்தார்? என்னை. அப்போது அவருக்கு உதட்டை மூடுகிற மாதிரி அடர்ந்த மீசை. ஒரு வார்த்தை எனக்குப் பிடிபடவில்லை. நடுவில் நீ உட்கார்ந்தாய். அவர் சொல்வதைக் கேட்டு என் பக்கம் திரும்பி வாயசைத்துச் சொல்வாய். அவர் நிறையப் பேசுவார், நீ கொஞ்சம் சொல்வாய். மீதியை நீயே வைத்துக்கொண்டாய். கோடை முடிவதற்குள் அவரையும்.

தாப்பினே ஆனபோதுதான் அவர் மீசையை மழித்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவர் பேசுவதை நானே, உன் உதவியில்லாமல், பார்க்கிறேன். கடைசியில் கிட்டத்தில் வருகிற முகத்தை மூன்று முறை போய்ப் பார்த்தேன். அவர் என்ன சொல்கிறார் என்பது உனக்குத் தேவையில்லாதது.

மதில்த்


பாரிஸ், பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

தட்டு வந்தது. ஒன்றுகூட உடையவில்லை, நன்றி.

பழைய கதையை நீ இன்னும் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று தெரியும், இவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. அவர் என்னைக் கேட்டார், நான் சரி என்றேன். நடுவில் உட்கார் என்று சொன்னது அம்மா. அதையும் சேர்த்துக்கொள்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஏதோ பெரிய வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தால், வந்து பார். போன வாரம் "தாப்பினே குழாய் அடைக்கிறார்". குழாய் வெடித்து வீடு பூராவும் வெள்ளம். ஜனவரிக் குளிர், படக்கூடத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே ஒரே ஒரு கணப்பு. தண்ணீரில் நான் மிதக்க வேண்டும், அவர் என்னைச் சமையல் மேஜை என்று நினைத்து ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தார். தலையைத் தூக்க விடாமல் கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்தார். இருமல் இன்னும் போகவில்லை. அவரோ விசில் அடித்துக்கொண்டு சவரம் பண்ணிக்கொள்கிறார். வீட்டில் பேசாத மனுஷன் காலையில் படக்கூடத்துக்குக் கிளம்புகிறபோது மட்டும் கழுத்துப்பட்டியை நாலு தரம் மாற்றுகிறார். எனக்கு யார் மேல் சந்தேகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. தினமும் வாசலில் எதிர்ப்படுகிற எங்கள் வீட்டுக்காரம்மா மேல். ஐம்பது வயதுக்காரி.

கிட்டத்தில் வருகிற முகம் என்ன சொல்கிறது? வழக்கமாக அங்கே கண்ணை உருட்டி நாக்கை நீட்டுவார், அவ்வளவுதானே? எனக்குத் தேவையில்லாததை நீ எதற்கு எனக்கு எழுத வேண்டும்? எழுதினால் முழுசாக எழுது.

இன்னொன்று. உங்கள் சூளை மேஸ்திரி லெயோனார் உன்னைக் கேட்டாராமே, மனைவி போன மனுஷன், குடி கிடையாது, அவரே மீசையை எடுத்துவிட்டுத்தான் உன்னிடம் பேச வந்தாராம். நம் ஊர்க்காரி ஒருத்தி சந்தையில் சொன்னாள். மீசையை எடுக்கத் தோன்றின மனுஷனை விட்டுவிடாதே. எனக்காக இல்லை, என் மேல் உள்ள கோபத்தையும் நீயே வைத்துக்கொள். அவருக்குச் சரி என்று சொல்லிவிடு.

க்ளெமான்ஸ்


லிமோஜ், மார்ச் 5

க்ளெமான்ஸ்,

லெயோனாருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார், நல்ல மனிதர்தான். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன்.

ஏன் என்று நீ கேட்பாய். முழுசாக எழுது என்றாயே, எழுதுகிறேன்.

பாத்திரப் படத்தின் முடிவில் அவர் கிட்டத்தில் வந்து கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, பிறகு கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போது என் பெயரைச் சொன்னார். உதடு ஒட்டிப் பிரிந்தது, நாக்கு பல்லைத் தொட்டது. மதில்த். நான் என் கண்ணையே நம்பவில்லை, அதனால்தான் திரும்பத் திரும்பப் போனேன். அடுத்தது குழாய்ப் படம். அதில், "மதில்த், உன்னைப் பாத்தாதான் எனக்குச் சிரிப்பே வருது" என்றார். போன வாரம் வந்தது "தாப்பினே சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறார்". நீ காகிதத்துக்குள் சுருண்டு கிடந்தாய். அவர் முகமெல்லாம் பசையோடு கிட்டத்தில் வந்து இதைச் சொன்னார். ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்:

"மதில்த், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க. வசந்தம் வரட்டும், உன்னைக் கூட்டிட்டுப் போயிடறேன். இவகூட இனிமே என்னால ஆகாது."

அவருக்குத் தெரியும், பிரான்ஸ் தேசம் முழுக்க அந்தப் படத்தைக் காது கேட்காமல் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று. கடிதம் எழுதினால் நீ பிரிப்பாய். இது நீ நடுவில் உட்கார முடியாத இடம். அவர் பார்வை மட்டும் எனக்குச் சற்று இடப்பக்கமாகப் போனது. அதனால் இடது ஓர பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தேன், இப்போது நேராக என்னைப் பார்க்கிறார்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நீ எடுத்துக்கொண்டாய், ஒரு வெள்ளைத் துணி மேல் அவர் திருப்பிக் கொடுக்கிறார். பழுப்புக் கோட்டை வெளுத்து வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் இன்னும் சொல்லவில்லை.

மதில்த்


பாரிஸ், மார்ச் 9

அக்கா,

கண்ணாடி முன்னால் போய் நில். மதில்த் என்று சொல். பார்த்தாயா? இப்போது பதில்த் என்று சொல். திரும்பவும் சொல். உன் உதட்டில் வித்தியாசம் தெரிந்தால் எனக்கு எழுது.

எங்கள் துணிக்காரியின் பெயர் பதில்த். உலர்ந்த சட்டையும் துண்டும் வைத்துக்கொண்டு நிற்பாள் என்று எழுதினேனே, அவள். எங்கே நிற்பாள் தெரியுமா? கேமராவுக்கு இடப்பக்கம்.

நீ எழுதின வரியை அப்படியே ராத்திரிச் சாப்பாட்டின்போது அவனிடம் சொன்னேன். வசந்தம் வரட்டும், உன்னைக் கூட்டிட்டுப் போயிடறேன், இவகூட இனிமே என்னால ஆகாது. கரண்டியைக் கீழே போட்டான். "யாருடி சொன்னது உனக்கு?" என்றான். "நீதான் சொன்னே. ஊர் ஊரா, கொட்டகை கொட்டகையா, டிக்கெட் வாங்கினவங்க எல்லார்கிட்டயும் சொன்னே" என்றேன். மறுக்கக்கூட இல்லை. சிரித்தான். தாப்பினே சிரிப்பு.

படம் எடுக்கிறவர் பக்கத்திலேயே நின்று கேமராப் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். டைரக்டர் இருந்தார். காட்சித் தட்டிகளுக்கு ஆணி அடிக்கிறவர்கள் இருந்தார்கள். அவன் பேசினதெல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. நான் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடிக் கூடத்தில் செவிடு நான்தான்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். வீட்டுக்காரம்மாவிடம்கூட மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் ஒன்று. என் புருஷன் எவளிடமோ பேசியதைப் பார்த்து நீ பெட்டி கட்டினாய். எனக்குச் சொல்லத் தோன்றாமல் மூன்று படம் வரைக்கும் இடம் மாறி உட்கார்ந்து ரசித்தாய். அது உன் பெயராகவே இருந்திருந்தால், எனக்கு எப்போது எழுதியிருப்பாய்? ரயிலேறின பிறகா?

க்ளெமான்ஸ்


லிமோஜ், மார்ச் 28

க்ளெமான்ஸ்,

கண்ணாடியில் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. சந்தோஷப்படு.

எனக்குத் தெரியாத பாடம் இல்லை அது. முதல் வருஷமே கன்னியர் எங்கள் விரலை மூக்கின் மேல் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்: ம என்றால் மூக்கு அதிரும், ப என்றால் அதிராது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஏமாந்துபோகாதீர்கள் என்று. திரைத்துணி மேல் இருக்கிற மூக்கில் யார் விரலை வைப்பது? வைக்க முடிந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். மதில்த் என்றுதான் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எழுதிவிட்டேன், படித்துச் சிரித்துக்கொள்.

லெயோனாரிடம் போனேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றவரல்லவா. பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை செய்கிற பெண்ணை ஈஸ்டர் கழித்துக் கட்டிக்கொள்கிறாராம். என்னிடம் சொல்லும்போது வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவர் பேசியதில் எனக்கு ஒன்றும் தவறிப்போகவில்லை. அந்தத் தெளிவு வேண்டாம் என்றிருந்தது.

நீ எவ்வளவு கடிதம் எழுதியிருக்கிறாய். வீட்டுக்காரம்மா, ஆணி அடிக்கிறவர்கள், முட்டைக்கோஸ் சூப், குழாய், இருமல், எல்லாம் இருக்கிறது. உன் புருஷனுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு என்று ஒரு தடவை எழுத உனக்கு என்ன கேடு? அவள் துணிக்காரி, போதும். எழுதியிருந்தால் எனக்கு இன்று ஒரு வீடு இருந்திருக்கும். நம் வீட்டுக் கூடத்திலும் இப்படித்தான் செய்தாய். எனக்கு வேண்டிய ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பேசுவாய்.

என் பெயராகவே இருந்திருந்தால் எப்போது எழுதியிருப்பாய் என்று கேட்டாய். எழுதியிருக்கவே மாட்டேன். அந்தக் கோடையில் நீ என்னிடம் சொன்னாயா?

தட்டு இனி வராது. வேறு எங்காவது வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கும் எழுதாதே.

மதில்த்


பாரிஸ், மே 2

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழிக்கும் முன் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிடு.

அவனும் பதில்த்தும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். தூரினில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. அங்கே தாப்பினேவுக்கு வேறு பெயராம், பெண்டாட்டியாக அவளே நடிக்கிறாளாம். தட்டுகள் இனி அவள் தலையில் விழட்டும். எங்கள் கம்பெனிக்கு அவன் இல்லாமல் நான் எதற்கு? கணக்குத் தீர்த்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை வரை இருந்துகொள் என்றிருக்கிறாள். நான் சந்தேகப்பட்ட ஐம்பது வயதுக்காரி, தினமும் சூப் கொண்டுவந்து வைக்கிறாள்.

அவன் போகும் முன் ஒரு படம் பாக்கியிருந்தது. "தாப்பினே படுக்கை விரிக்கிறார்". மெத்தை கிழிந்து இறகு பறந்து, கட்டில் உடைந்து, எல்லாம் நடந்தது. கடைசியில் அவன் முகத்துக்காகக் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நான் துணி மாற்றப் போகவில்லை. அவளுடைய இடத்தில் போய் நின்றேன், கேமராவுக்கு இடப்பக்கம். அவள் ஒதுங்கினாள். பிடி சுற்ற ஆரம்பித்தது, அவன் கண்ணை உருட்டிக்கொண்டு திரும்பினான், என்னைப் பார்த்து வாய் பிளந்து நின்றான். நான் அவனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அவன் இடத்தில் நின்று கேமராவைப் பார்த்துப் பேசினேன். முடியெல்லாம் இறகு. படச்சுருள் வீணாகிறதே என்று டைரக்டர் கத்தினார், பிறகு போட்டுப் பார்த்துவிட்டு இதுதான் இருப்பதிலேயே சிரிப்பு என்று வைத்துக்கொண்டார்.

பேசியது உன்னிடம். இங்கே எழுதிவிடலாம்தான். ஆனால் என் எழுத்தையும் நீ நம்பமாட்டாய், என் பேச்சையும் நம்பமாட்டாய், நடுவில் எதையோ வைத்துக்கொண்டேன் என்பாய். அங்கே நடுவில் யாரும் இல்லை. ப இல்லாத, ம இல்லாத சொற்களாகப் பொறுக்கி எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுத்தான் போனேன். கிட்டத்தில், மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது. பதினைந்தாம் தேதி நான் எந்த ரயிலில் ஏறுவது என்பது நீ சொல்கிற பதிலில் இருக்கிறது.

லிமோஜுக்கு அடுத்த வாரம் வருமாம். எந்த பெஞ்சிலும் உட்காரலாம். நேராகத்தான் பார்த்திருக்கிறேன்.

க்ளெமான்ஸ்


லிமோஜ், மே 12, வெள்ளிக்கிழமை

க்ளெமான்ஸ்,

நேற்று மாலை போனேன். நடு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் லெயோனாரும் புதுப் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குத் தலை அசைத்தார்கள், நானும் அசைத்தேன். மீசையை மறுபடியும் வளர்க்கிறார்.

நீ இளைத்துப்போயிருக்கிறாய். கட்டில் உடைகிற இடத்தில் இடது கையை ஊன்றாமல் விழுந்தாய், முழங்கை இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது. அவரும் நீயும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. வெறுமனே வாயைத் திறந்து மூடினீர்கள். ஊரில் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

பிறகு அவர் முகம் கிட்டத்தில் வந்தது, நீ தள்ளினாய், உன் முகம் வந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

என்னை எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள், ஆனால் இந்த ஒரு வசதி உங்கள் யாருக்கும் இல்லை. வேண்டாம் என்றால் நான் கண்ணை மூடினால் போதும், உலகத்தில் யாரும் என்னிடம் ஒன்றும் சொல்ல முடியாது. உன் கண்ணால் பார்த்தால் நம்புவாய் என்று எழுதினாய். கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி என் கண்ணை நம்பாதே என்று சொன்னது நீ. அதற்குப் பிறகு எதை வைத்துப் பார்ப்பது? ஒருவேளை நீ சொல்வது எனக்கு வேண்டியதாக இருந்தால், மறுபடியும் என் ஆசைதான் அதைப் படித்தது என்று எனக்குத் தோன்றும். வேண்டாததாக இருந்தால், அதையும் தாங்க இந்த வருஷம் என்னால் முடியாது.

பெஞ்ச் அதிர்ந்தது. நீ பேசப் பேசச் சிரிக்கிறார்கள் என்று அதில் தெரிந்துகொண்டேன். நீண்ட நேரம் அதிர்ந்தது. ஏதோ நிறையச் சொல்லியிருக்கிறாய். அதிர்வு நின்ற பிறகு கண்ணைத் திறந்தேன். வெள்ளைத் துணிதான் இருந்தது. லெயோனாரின் பெண்டாட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லெயோனார் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, நீ என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்குப் பதில் எழுத முடியாது.

படம் ஞாயிற்றுக்கிழமை வரை, உன் ரயிலுக்கு முந்தின நாள் வரை, என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள்.

மதில்த்